ஒரே லைனில் ஆறு கடிகாரம், ஆறு நேரம்: என்டிபி, யூடிசி, +5:30 அமைப்பது எப்படி?

மூன்றாம்_ஷிஃப்ட்:

வணக்கம். பாட்டில் நிரப்பும் லைன் ஒன்றில் எந்தக் கருவியின் நேரமும் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. நிலவரம் இது:

ஃபில்லரில் சீமென்ஸ் எஸ்7-1500 பிஎல்சி (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி). அதன் பதிவுகள் சரியான நேரத்துக்கு 4 மணி 30 நிமிடம் பின்தங்கி இருக்கின்றன. 2025 அக்டோபர் கடைசி வரை 3:30தான் பின்தங்கி இருந்தது. நடுவில் யாரும் எதையும் மாற்றவில்லை.
லேபிளரில் எஸ்7-1200. 5:30 பின்னால்.
சில்லரில் பழைய எஸ்7-300, சிபியு 315-2 பிஎன்/டிபி. அதுவும் 5:30 பின்னால்.
எனர்ஜி மீட்டர் சரியாக 30 நிமிடம் பின்னால்.
டேட்டா எடுக்கும் லினக்ஸ் கேட்வே 11 மணி 2 நிமிடம் பின்னால்.
மேலே உள்ள டாஷ்போர்டில் சில டேக்குகள் (பெயரிட்ட அளவீடுகள்) மட்டும் 5:30 முன்னால் ஓடுகின்றன.

என்டிபி சர்வராக (நெட்வொர்க் வழியே மற்றக் கருவிகளுக்கு நேரம் கொடுப்பது), லைனைக் கண்காணிக்கும் வின்டோஸ் ஸ்காடா கணினியைத்தான் கொடுத்திருக்கிறோம். பேட்ச் ரிப்போர்ட்டில் முடிந்த நேரம் தொடங்கிய நேரத்துக்கு முன்னால் விழுகிறது. ஒவ்வொரு பிஎல்சியிலும் ஆன்லைன் போய் நேரத்தைக் கையால் வைத்துவிடலாமா?

---

நொடிமுள்:

கையால் மட்டும் வைக்காதீர்கள் சார். நீங்கள் கொடுத்த எண்களே காரணத்தைச் சொல்லிவிடுகின்றன. வித்தியாசம் முழு மணி, அரை மணிக் கணக்கில் இருந்தால் கடிகாரம் ஓடுவதில் தவறில்லை, மண்டல அமைப்பில் தவறு. அதற்கு மேல் சில நிமிடமோ நொடியோ மிஞ்சி நின்றால்தான் கடிகாரம் தானாக விலகியிருக்கிறது என்று பொருள்.

எஸ்7-1500: டிஐஏ போர்ட்டலில் (சீமென்ஸ் பிஎல்சியை அமைக்கும் மென்பொருள்) புதிதாக ஒரு சிபியு சேர்த்தால் மண்டலம் பெர்லின், அதாவது +1:00 என்றே வரும். கோடைக்கால நேரத்துக்கான டிக்கும் சேர்ந்தே வரும். இந்திய நேரம் +5:30. குளிர்காலத்தில் 5:30-இலிருந்து 1:00 போனால் 4:30. கோடையில் பெர்லின் +2:00 ஆகிவிடுவதால் 3:30. ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு யூடிசி (உலகப் பொது நேரம்) 01:00-க்குக் கடிகாரம் பின்னுக்குப் போகும். 2025-இல் அது 26-ஆம் தேதி, நம் நேரம் காலை 6:30. யாரும் தொடாமலேயே மாறியது இப்படித்தான். சிபியு ப்ராப்பர்டீஸில் 'டைம் ஆஃப் டே' பக்கத்தில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி என்றிருக்கும் +5:30-ஐத் தேர்ந்தெடுத்து, கோடைக்கால டிக்கை எடுத்துவிடுங்கள்.

எஸ்7-1200: 5:30 பின்னால் என்றால் நீங்கள் பார்ப்பது சுத்தமான யூடிசி. புரோகிராமில் ஆர்டி_சிஸ்_டி அழைத்திருப்பார்கள். அது சிஸ்டம் நேரம். உள்ளூர் நேரம் வேண்டுமென்றால் ஆர்டி_லோக்_டி. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி டிடிஎல் (தேதி-நேர மதிப்பு) கொடுப்பதால் கண்ணில் படாது. ஆர்டி_லோக்_டிக்கு மாற்றுவதற்கு முன் இந்த சிபியுவின் மண்டலத்தையும் பாருங்கள், இல்லையென்றால் இதுவும் பெர்லினுக்குப் போய்விடும்.

எஸ்7-300: இதற்கு மண்டலம் என்ற கருத்தே கிடையாது. என்டிபி கொடுத்தால் மாட்யூல் நேரமாக யூடிசியை எடுத்துக்கொள்ளும். இந்திய நேரம் தேவைப்படும் இடத்தில் எஸ்எஃப்சி1 கொண்டு நேரத்தைப் படித்து, எஃப்சி1 என்ற ஐஇசி ஃபங்ஷனில் 5 மணி 30 நிமிடம் கூட்டித் தனி டேக்கில் வையுங்கள். மாட்யூல் நேரத்தையே முன்னால் தள்ளினால் அடுத்த என்டிபி பதில் வந்ததும் பழையபடி ஆகிவிடும்.

மீட்டர்: முழு மணி மட்டுமே ஏற்கும் கருவியில் +5 கொடுத்திருப்பார்கள். மண்டலத்தை நிமிடத்தில் கேட்கும் கருவி என்றால் 330, நொடியில் கேட்டால் 19800. இரண்டும் இல்லையென்றால் மண்டலத்தை 0-வில் விட்டு மீட்டரை யூடிசியிலேயே ஓடவிடுங்கள், கூட்டுவதை ஸ்காடாவில் செய்துகொள்ளலாம். அரை மணி தள்ளிய யூடிசி எதற்கும் உதவாது.

கேட்வே: 11 மணி நேரம் என்பது 5:30-இன் இரட்டிப்பு, அதாவது குறி தலைகீழ். லினக்ஸில் மண்டலத்தை போசிக்ஸ் சரமாக (யூனிக்ஸ் வகைக் கணினிகளின் நியம எழுத்து வடிவில்) எழுதினால் கிழக்கு மண்டலங்களுக்கு மைனஸ் போட வேண்டும். ஐஎஸ்டி-5:30 என்பதுதான் நம் நேரம். ஐஎஸ்டி+5:30 என்று எழுதினால் கிரீன்விச்சுக்கு மேற்கே போய்விடும். முடிந்தவரை சரமே எழுதாமல் 'ஏசியா/கொல்கத்தா' என்ற பெயரைக் கொடுங்கள். ஐஎஸ்டி என்ற சுருக்கத்தை இஸ்ரேலும் அயர்லாந்தும்கூடப் பயன்படுத்துகின்றன, அதை நம்ப முடியாது.

மிச்சமிருக்கும் அந்த 2 நிமிடம் வேறு சங்கதி. கேட்வே உங்கள் வின்டோஸ் சர்வரை ஏற்கவே இல்லை, தன் குவார்ட்ஸில் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழையுள்ள குவார்ட்ஸ் நாளொன்றுக்கு 1.7 நொடி விலகும். 2 நிமிடம் சேர ஏறக்குறைய 70 நாள் போதும்.

டாஷ்போர்டு: உள்ளூர் நேரத்தை அனுப்புகிறீர்கள், டேட்டாபேஸ் அதை யூடிசி என்று எடுத்துக்கொள்கிறது, திரையில் காட்டும்போது இன்னொரு முறை 5:30 கூட்டுகிறது.

---

மூன்றாம்_ஷிஃப்ட்:

மிக்க நன்றி சார். லேபிளரில் ஆர்டி_சிஸ்_டிதான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். ஃபில்லரில் மண்டலம் மாற்ற ஹார்டுவேர் கான்ஃபிக் டவுன்லோடு போடச் சொல்கிறது. சிபியு ஸ்டாப் ஆகுமே. லைனை நிறுத்த அடுத்த பராமரிப்பு நாள் வரை காத்திருக்க வேண்டுமா?

---

நொடிமுள்:

வேண்டியதில்லை. செட்_டைம்ஸோன் என்ற இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கிறது. அதற்கான ஸ்ட்ரக்சரில் பயஸ் 330, டேலைட்பயஸ் 0 கொடுத்து ஒரே ஒரு முறை எட்ஜில் (சிக்னல் 0-இலிருந்து 1 ஆகும் கணத்தில்) அழையுங்கள். புரோகிராம் மாற்றம் மட்டும் என்பதால் ரன்னிலேயே இறங்கும். ஒவ்வொரு ஸ்கேனிலும் (புரோகிராமின் ஒவ்வொரு சுற்றிலும்) அழைக்கும்படி விட்டுவிடாதீர்கள்.

ஆனால் ஹார்டுவேர் கான்ஃபிக்கையும் இன்றே ப்ராஜெக்டில் திருத்திச் சேமித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது வேறு வேலைக்காக அதை டவுன்லோடு செய்தால் பெர்லின் மறுபடி வந்து உட்காரும்.

டயக்னாஸ்டிக் பஃபர் பார்க்கும்போதும் கவனம். கணினியின் உள்ளூர் நேரத்தில் காட்டு என்று ஒரு டிக் அங்கே உண்டு. அது போட்டிருந்தால் லேப்டாப்பின் மண்டலத்துக்கு மாற்றித்தான் காட்டும். பஃபரில் நேரம் சரியாகத் தெரிகிறது, டிபியில் (புரோகிராமின் டேட்டா பிளாக்) தப்பாக இருக்கிறது என்ற குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அந்த டிக்தான்.

---

வலைக்கண்:

சர்வர் பக்கத்தை நான் சொல்கிறேன்.

வின்டோஸின் நேர சேவை இயல்பில் கிளையன்ட் மட்டுமே. என்டிபி சர்வர் பகுதியை ரெஜிஸ்ட்ரியில் இயக்கி, ஃபயர்வாலில் யுடிபி 123 திறந்தால்தான் பதில் சொல்லும். உங்கள் பிஎல்சிக்கள் நேரம் எடுக்கின்றன என்பதால் அது நடந்திருக்கிறது. அப்படியும் லினக்ஸ் கேட்வே ஏன் ஏற்கவில்லை? வின்டோஸ் தன் சொந்தக் கடிகாரத்தை மூலமாகக் கொண்டு நேரம் கொடுக்கும்போது, லோக்கல்கிளாக்டிஸ்பெர்ஷன் என்ற மதிப்பின்படி 'என் நேரத்தில் 10 நொடி வரை பிழை இருக்கலாம்' என்று பாக்கெட்டிலேயே எழுதி அனுப்புகிறது. கேட்வேயில் க்ரோனி (லினக்ஸின் என்டிபி மென்பொருள்) இருந்தால் அதன் இயல்பு எல்லை 3 நொடி. அதற்கு மேல் பிழை சொல்லும் சர்வரை அது ஒதுக்கிவிடும். பிஎல்சியில் இருப்பது எளிய எஸ்என்டிபி (என்டிபியின் சுருங்கிய வடிவம்). அது இந்தப் புலத்தைப் பார்ப்பதில்லை, கிடைத்ததை வாங்கிக்கொள்கிறது. ஆக க்ரோனி செய்தது சரியான வேலை. ஸ்காடா கணினிக்கு மேலே உண்மையான மூலம் எதுவும் இல்லை என்பதைத்தான் அது சொல்லியிருக்கிறது.

அந்த மதிப்பை 0 ஆக்கினால் கேட்வே ஏற்றுக்கொள்ளும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஏற்கும், ஆனால் பொய்யை நம்ப வைத்ததாகிவிடும். சரியான வழி: டிஎம்இசட்டில் (தொழிற்சாலை நெட்வொர்க்குக்கும் வெளியுலகுக்கும் நடுவிலான தனிப் பகுதியில்) சின்ன லினக்ஸ் கணினி ஒன்று, அதில் க்ரோனி. மேலே தேசியத் தகவல் மையத்தின் சமய்1, சமய்2 சர்வர்களும், புது தில்லியில் இந்திய நேரத்தைப் பராமரிக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரும். 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அவசர அமைப்பு) வெளியிட்ட உத்தரவும் இந்த இரண்டு அமைப்புகளின் நேரத்தோடு, அல்லது அவற்றுக்குத் தடம் காட்டக்கூடிய சர்வரோடு இணைக்கத்தான் சொல்கிறது. பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்வதும் அதே உத்தரவு. அந்தப் பதிவில் நேரம் தப்பாக இருந்தால் 180 நாள் வைத்தும் பயனில்லை.

க்ரோனி கோப்பில் நான்கு விஷயம் போதும். மேல் சர்வர்களுக்கு ஐபர்ஸ்ட் (தொடங்கும்போது அடுத்தடுத்துக் கேட்டு விரைவாகச் சேர). 'மேக்ஸ்டெப் 1.0 3', அதாவது தொடங்கியதும் வரும் முதல் மூன்று திருத்தங்களில் மட்டும் 1 நொடிக்கு மேற்பட்ட பிழையைத் தாவித் திருத்தலாம், அதற்குப் பிறகு மெதுவாக இழுத்துத்தான் சேர்க்க வேண்டும். 'அல்லோ' வரியில் உங்கள் பிஎல்சி சப்நெட் (பிஎல்சிக்கள் இருக்கும் நெட்வொர்க்கின் முகவரி வரம்பு), உதாரணமாக 192.168.10.0/24. கடைசியாக 'லோக்கல் ஸ்ட்ராட்டம் 10' (ஸ்ட்ராட்டம் என்பது மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனையாவது படி என்ற எண்): இன்டர்நெட் அறுந்தாலும் தொழிற்சாலைக்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் இருப்பார்கள். மேல் இணைப்பு இருக்கும்போது இந்த வரி குறுக்கே வராது.

இன்டர்நெட்டே கொடுக்க மாட்டார்கள் என்றால் கூரையில் ஜிபிஎஸ் ஆன்டெனாவோடு கூடிய டைம் சர்வர். கேபிள் கட்டிடத்துக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டர் போட்டு எர்த் செய்யாமல் விடாதீர்கள்.

---

மூன்றாம்_ஷிஃப்ட்:

புதிய லினக்ஸ் கணினி ஒன்றில் க்ரோனி ஏற்றி 192.168.20.5 கொடுத்தோம். லேப்டாப்பிலிருந்து கேட்டால் பதில் வருகிறது. கேட்வேயும் உடனே ஏற்றுக்கொண்டது. எஸ்7-1500 மட்டும் எடுக்கவில்லை, பழைய ஸ்காடா முகவரி கொடுத்தால் எடுக்கிறது.

---

வலைக்கண்:

பிஎல்சி எந்த சப்நெட்? 192.168.10 என்றால் வேறு சப்நெட்டுக்குப் போக ரவுட்டர் முகவரி வேண்டும். பிராஃபிநெட் இன்டர்ஃபேஸில் 'யூஸ் ரவுட்டர்' டிக் காலியாக இருக்கிறதா பாருங்கள். பழைய சர்வர் அதே சப்நெட்டில் இருந்ததால் அது தேவைப்படவில்லை. கேட்வேக்கு இரண்டு பக்கமும் கால் இருப்பதால் அதற்கும் தேவைப்படவில்லை.

அது சரியாக இருந்தும் வரவில்லையென்றால் சுவிட்சில் போர்ட் மிரர் வைத்து வயர்ஷார்க்கில் (பாக்கெட்டைப் பார்க்கும் மென்பொருள்) யுடிபி 123-ஐப் பாருங்கள். போகும் பாக்கெட்டில் மோட் 3, வரும் பாக்கெட்டில் மோட் 4 இருக்க வேண்டும். வருகிற பதிலில் மூன்று இடம் பார்த்தால் போதும்:

லீப் இன்டிகேட்டர் 3 என்றால் சர்வரே இன்னும் ஒத்திசையவில்லை என்று அறிவிக்கிறது. க்ரோனியை இப்போதுதான் தொடங்கியிருந்தால் சில நிமிடம் பொறுங்கள்.
ஸ்ட்ராட்டம் 1 முதல் 15-க்குள் இருக்க வேண்டும். 0 வந்து கூடவே 'ரேட்' என்ற குறி இருந்தால், அடிக்கடி கேட்காதே என்று சர்வர் சொல்கிறது.
பதில் எந்த ஐபியிலிருந்து வருகிறது? சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு இருந்து, கேட்டது ஒரு முகவரியில், பதில் இன்னொரு முகவரியிலிருந்து என்றால் கிளையன்ட் அதைத் தூக்கி எறியும். பிங் போகும், என்டிபி மட்டும் வராது.

இடைவெளியையும் பாருங்கள். எஸ்7-1500-இல் இயல்பு 10 நொடி. உங்கள் சொந்த சர்வரை 10 நொடிக்கு ஒரு முறை கேட்பதில் பிரச்சினை இல்லை. அதே அமைப்போடு வெளியுலகப் பொது சர்வரைக் காட்டிவிடாதீர்கள்.

---

தறிமின்:

ஒரு மாற்றுக் கருத்து. இந்தியாவில் கோடைக்கால மாற்றமே இல்லை. பிறகு யூடிசி எதற்கு? டைம் சர்வரையே 5:30 தள்ளிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, எல்லாக் கருவியிலும் மண்டலம் 0 வைத்தால் வேலை முடிந்தது. ஆபரேட்டர் எங்கே பார்த்தாலும் கைக்கடிகார நேரம். எஸ்7-300-க்கும், முழு மணி மீட்டருக்கும் தனியாக எதுவும் எழுத வேண்டாம். பல ஸ்பின்னிங் மில்களில் இப்படித்தான் வருடக்கணக்கில் ஓடுகிறது.

---

நொடிமுள்:

வெளியே எதோடும் பேசாத ஒற்றை மெஷின் என்றால் உங்கள் வழி ஓடும், மறுக்கவில்லை. இவர்கள் லைனில் ஓடாது. மூன்று இடத்தில் உடையும்.

முதலாவது ஓபிசி யுஏ (கருவிகள் டேட்டா பரிமாறும் நெறிமுறை). அதன் டைம்ஸ்டாம்ப் எப்போதும் யூடிசி என்பது விதிமுறையே. சர்வர் 5:30 தள்ளி நின்றால் கிளையன்ட் மறுபடி 5:30 கூட்டிக் காட்டும். இவர்கள் டாஷ்போர்டில் இப்போதே நடப்பது அதுதான்.

இரண்டாவது சான்றிதழ். இன்று காலை 9 மணிக்கு உருவாக்கிய சான்றிதழின் செல்லுபடி யூடிசி 03:30-இலிருந்து தொடங்கும். யூடிசியில் சரியாக ஓடும் கணினியோடு, 5:30 முன்னால் ஓடும் கருவி உருவாக்கிய சான்றிதழைக் கொண்டு பேசினால், இன்னும் பிறக்காத சான்றிதழ் என்று இணைப்பை மறுத்துவிடும். ஐந்தரை மணி நேரம் கழித்துத் தானாகச் சேரும். காரணம் தெரியாமல் பிழை வந்து போகும்.

மூன்றாவது, டொமைனில் உள்ள வின்டோஸ். கெர்பெரோஸ் (டொமைனின் லாகின் சரிபார்ப்பு முறை) இயல்பில் 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் லாகின் கொடுக்காது. தள்ளிய சர்வரிலிருந்து ஒரு கணினி நேரம் எடுத்தாலும் அது டொமைனுக்கு வெளியே நிற்கும்.

கம்பியில் போகும் நேரமும் டேட்டாபேஸில் உட்காரும் நேரமும் யூடிசி. 5:30 கூட்டுவது மனிதக் கண் பார்க்கும் திரையிலும் அச்சு ரிப்போர்ட்டிலும் மட்டும். எஸ்7-300-க்கு ஒரு எஃப்சி1 கூடுதலாக எழுதுவது ஒரு மணி நேர வேலை, அந்த விலை கொடுக்கத் தகுந்தது.

---

தறிமின்:

சான்றிதழ் விஷயத்தை நான் யோசிக்கவில்லை, ஏற்கிறேன். எச்எம்ஐ பேனல் (ஆபரேட்டரின் திரை) பற்றி ஒன்று சேர்க்கிறேன். பேனலுக்கு நேரம் கொடுக்க ஏரியா பாயின்டர் (பேனல் படிக்கும் பிஎல்சி நினைவிடம்) ஒரு வழி, கனெக்ஷனில் உள்ள டைம் சின்க் ஸ்லேவ் மோட் இன்னொரு வழி, பேனலிலேயே என்டிபி இருந்தால் அது மூன்றாவது. ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள். இரண்டு சேர்ந்தால் அலாரம் நேரம் முன்னும் பின்னும் தாவும். ஏரியா பாயின்டர் என்றால் படிக்கும் இடைவெளி 1 நிமிடம் போதும், அதற்குக் குறைத்தால் பேனல் சுமை வீணாக ஏறும்.

---

சப்ஸ்டேஷன்:

நொடிமுள் சொன்ன 'எண்ணே காரணம் சொல்லும்' என்பதற்கு இரண்டு எண் சேர்த்துக்கொள்ளுங்கள். 18 நொடி முன்னால் இருந்தால் ஜிபிஎஸ் நேரம் லீப் நொடித் திருத்தம் (யூடிசியில் அவ்வப்போது சேர்த்த நொடிகள்) இல்லாமல் அப்படியே வருகிறது. 37 நொடி முன்னால் இருந்தால் பிடிபியின் (என்டிபியைவிடத் துல்லியமான நேர நெறிமுறை) டிஏஐ அளவை (லீப் நொடி சேராத அணு நேரம்) யாரோ யூடிசி என்று எடுத்திருக்கிறார்கள். 2017 ஜனவரி 1-இலிருந்து இந்த இரண்டு எண்களும் மாறவில்லை. பழைய ஜிபிஎஸ் ரிசீவர் திடீரென்று 1024 வாரம், அதாவது இருபது வருடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பின்னால் போனால் அது வாரக் கணக்கு சுழன்றது. 2019 ஏப்ரல் 6-இல் அது கடைசியாகச் சுழன்றது.

துல்லியம் பற்றியும் ஒரு வார்த்தை. லேனில் என்டிபி ஒரு மில்லிசெகண்டுக்குள் வரலாம், ஆனால் பிஎல்சி அதை வாங்கி ஸ்கேனுக்குள் பயன்படுத்தும்போது பத்து இருபது மில்லிசெகண்ட் போய்விடும். பாட்டில் லைனுக்கு அது தாராளம். எந்த பிரேக்கர் முதலில் விழுந்தது என்று 1 மில்லிசெகண்டில் தெரிய வேண்டுமென்றால் ஸ்கேனில் முத்திரை போடுவது பயன்படாது. ரிலேயிலோ ஐ/ஓ மாட்யூலிலோ நிகழ்வு நடந்த இடத்திலேயே போட வேண்டும், அதற்கு ஐரிக்-பி (தனிக் கம்பியில் வரும் நேர சிக்னல்) அல்லது பிடிபி. பிடிபிக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு சுவிட்சும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரண சுவிட்ச் ஒன்று நடுவில் இருந்தால் கொடுத்த காசு வீண்.

---

நொடிமுள்:

மூன்றாம்_ஷிஃப்ட், திருத்தும் நாளில் ஒரு ஆபத்து இருக்கிறது. எஸ்7-300-இல் ஓபி10 போன்ற நேர இன்டரப்ட் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் புரோகிராம் பகுதி) ஏதாவது ஓடுகிறதா? கடிகாரத்தை முன்னால் தாவ வைத்து அந்த நேரத்தைக் கடந்துவிட்டால் சிபியு ஓபி80-ஐ (நேரப் பிழைக்கான புரோகிராம் பகுதி) அழைக்கும். ஓபி80 ஏற்றப்படவில்லை என்றால் சிபியு ஸ்டாப். சில்லர் நிற்கும். முதலில் காலி ஓபி80 ஒன்றை இறக்கிவிட்டுப் பிறகு நேரத்தைத் தொடுங்கள்.

எல்லா பிஎல்சியிலும் இன்னொன்று தேடுங்கள்: சிஐபி கழுவும் நேரம், கலக்கும் நேரம் போன்றவற்றைக் கடிகார நேரத்தைக் கழித்துக் கணக்கிட்டிருக்கிறார்களா என்று. அப்படி இருந்தால் தாவிய கணத்தில் கழுவல் பாதியில் முடிந்ததாகக் காட்டும். கால அளவுக்கு டிஓஎன் டைமர்தான். கடிகாரம் முத்திரை போட மட்டும்.

நீண்ட பவர் கட் முடிந்து வரும்போது பஃபர் தீர்ந்திருந்தால் எஸ்7-300 கடிகாரம் 1994-இலும் எஸ்7-1500 கடிகாரம் 2012-இலும் எழும். எஸ்7-1200-இன் சூப்பர் கெபாசிட்டர் வழக்கமாக 20 நாள், 40 டிகிரி வெப்பத்தில் குறைந்தது 12 நாள் தாங்கும். ஆகவே ஆண்டு நியாயமான வரம்பில் இருக்கிறதா என்று ஒரு பிட் வைத்து, அது வரும் வரை பேட்ச் பதிவைத் தொடங்க விடாதீர்கள்.

---

மூன்றாம்_ஷிஃப்ட்:

'யூஸ் ரவுட்டர்' டிக் காலியாகத்தான் இருந்தது. போட்டதும் எஸ்7-1500 நேரம் எடுத்துவிட்டது. ஓபி80 இறக்கியாயிற்று. கடைசியாக ஒரு கேள்வி: ஃபில்லரின் ஒரு வருடப் பழைய பதிவுகளை அப்படியே 4:30 கூட்டித் திருத்திவிடலாமா? தணிக்கைக்குத் தேவைப்படுகிறது.

---

நொடிமுள்:

அப்படியே கூட்டினால் பாதி வருடம் தப்பாகும். 2025 மார்ச் 30 காலை 6:30-க்கு முந்தைய வரிசைகளுக்கு 4:30, அதிலிருந்து அக்டோபர் 26 காலை 6:30 வரை 3:30, அதன் பிறகு மறுபடி 4:30. இந்தக் காலை 6:30 எல்லாம் நம் நேரம். பதிவில் உள்ள முத்திரைப்படி மார்ச் 30-இல் 02:00 முதல் 02:59 வரை எந்த வரிசையும் இருக்காது. இருந்தால் உங்கள் காரணம் வேறு, அங்கேயே நிறுத்துங்கள்.

சிக்கல் அக்டோபர் 26-இல். முத்திரை 02:00 முதல் 02:59 வரை இரண்டு முறை வந்திருக்கும். முதல் முறை வந்தது நம் நேரம் 5:30 முதல் 6:29 வரை, இரண்டாவது 6:30 முதல் 7:29 வரை. ஷிஃப்ட் 6 மணிக்கு மாறுவதால் இரண்டு ஷிஃப்டின் உற்பத்தியும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும். நேரத்தை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள். டேட்டாபேஸில் தானாக ஏறும் வரிசை எண் இருந்தால் அதன்படி அடுக்கினால் 02:59-க்குப் பிறகு 02:00 வரும் இடம் பளிச்சென்று தெரியும், அங்கேதான் வெட்ட வேண்டும். வரிசை எண் இல்லையென்றால் ஃபில்லரின் மொத்த பாட்டில் எண்ணிக்கை பதிவாகியிருக்கும். அது ஏறுமுகமாகவே போகும், அதையே வரிசையாக எடுங்கள்.

பழைய நேரப் பத்தியை அழிக்காமல், திருத்திய யூடிசி நேரத்தைப் புதிய பத்தியில் எழுதுங்கள். எத்தனை நிமிடம் கூட்டினோம் என்பதை மூன்றாவது பத்தியில் 210 அல்லது 270 என்று போட்டுவிடுங்கள். அது உள்ளூர் நேரத்துக்கான கணக்கு. யூடிசிக்கு மார்ச்–அக்டோபர் பகுதியில் 120, மற்றதில் 60 நிமிடம் கழிக்க வேண்டும். தணிக்கையாளர் எந்த வரிசையைக் கேட்டாலும் மூலமும் திருத்தமும் ஒரே இடத்தில் இருக்கும்.